பிரிட்டன் டு ஸ்பெயின் மோட்டார்ஹோம் ட்ரிப்: மேப்பைத் திறக்கும் முன் போட வேண்டிய மூன்று கணக்குகள்!

பிப்ரவரி மாத லண்டன். வெளியே நசநசவென்று மழை. வீட்டுக்குள் சோபாவில் உட்கார்ந்தபடி ஒரு தம்பதி மொபைலில் மேப்பைத் திறக்கிறார்கள். பிரான்ஸின் கலே துறைமுகத்திலிருந்து தெற்கு ஸ்பெயினின் மலாகாவுக்கு எவ்வளவு தூரம் என்று தேடினால், ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர், இருபது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் என்று காட்டுகிறது. “அவ்வளவுதானா? மாத்தி மாத்தி ஓட்டினா ரெண்டே நாள்ல போயிடலாமே!”

பல மோட்டார்ஹோம் பயணங்கள் சொதப்பத் தொடங்குவது இந்த நிமிடத்தில்தான். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. நினைத்த இடத்தில் நிறுத்தலாம், ஹோட்டல் செலவு இல்லை என்ற ஆசை நியாயமானதுதான். ஆனால், அந்தச் சுதந்திரத்தை முடிவு செய்வது மேப் அல்ல. நாட்கள், எடை, பாஸ்போர்ட் என்ற மூன்று கணக்குகள். இவற்றைப் போட்டுப் பார்த்தால், இரண்டு வார லீவில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் புரிந்துவிடும்: மலாகாவை விட்டுவிட்டு வடக்கு ஸ்பெயினோடு திரும்புவதே புத்திசாலித்தனம்.

முதல் கணக்கு: நாட்கள்

மேப் காட்டும் நேரம் காருக்கானது. பிரான்ஸின் மோட்டார்வேயில் 3.5 டன் வரையிலான வண்டிகளுக்கு மணிக்கு 130 கி.மீ. வரை அனுமதி உண்டு. மழை பெய்தால் 110. ஆனால், எதிர்காற்றில் ஒரு அலமாரி போல நிற்கும் மோட்டார்ஹோமை அந்த வேகத்தில் ஓட்டினால் டீசலும் போகும், நிம்மதியும் போகும். நிதானமான வேகம் 90 முதல் 100 வரைதான். மோட்டார்வேயை விட்டு இறங்கினால், இருவழிச் சாலைகளில் பெரும்பாலும் 80தான் உச்சவரம்பு.

இப்போது கணக்கைப் பாருங்கள். மலாகாவுக்குப் போகவர 4,000 கி.மீ. பதினான்கு நாட்களில் வகுத்தால் தினமும் சுமார் 285 கி.மீ. ஒரு நாள்கூட ஓய்வு இல்லை. நடுவில் நான்கு நாள் கடற்கரையில் தங்க ஆசைப்பட்டால், மீதி பத்து நாளும் தினமும் 400 கி.மீ. ஓட்ட வேண்டும். இதற்குப் பெயர் விடுமுறை இல்லை, லாரி டிரைவர் வேலை.

“எங்களுக்கு அந்தலூசியாதான் வேணும்” என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. மலாகாவுக்கு ஃபிளைட்டில் போய், அங்கேயே வண்டியை வாடகைக்கு எடுக்கலாம். பிரிட்டனிலிருந்து சொந்த வண்டியில் போவதில் அர்த்தம் இருக்க வேண்டுமானால், பிரான்ஸை வெறும் நடைபாதையாக நினைக்காமல் பயணத்தின் பாதியாகவே நினைக்க வேண்டும்.

இரண்டாவது கணக்கு: எடை

மோட்டார்ஹோம் விளம்பரங்களில் சோபா தெரியும், ஜன்னல் தெரியும். கண்ணில் படாத எண் ஒன்று உண்டு: ‘பேலோடு’. அதாவது, வண்டியில் இன்னும் எத்தனை கிலோ ஏற்றலாம் என்பது.

பிரிட்டனில் 1997 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு கார் டெஸ்ட் பாஸ் செய்தவர்கள், சாதாரண லைசென்ஸில் 3,500 கிலோ வரையிலான டீசல் அல்லது பெட்ரோல் வண்டியைத்தான் ஓட்ட முடியும். இன்றைய இளம் ஓட்டுநர்கள் எல்லோருமே இந்த வரம்புக்குள் வருகிறார்கள். அதனால் பெரும்பாலான வண்டிகள் சரியாக 3,500 கிலோ என்று பதிவு செய்யப்படுகின்றன. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ் போக மிஞ்சுவது பல வண்டிகளில் சில நூறு கிலோதான்.

ஒரு உதாரணம். ஒரு வண்டியின் பேலோடு 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பொதுவாக ஓட்டுநரின் எடை வண்டி எடையிலேயே சேர்க்கப்பட்டிருக்கும். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து 150 கிலோ. தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் 100 லிட்டர், அதாவது 100 கிலோ. இரண்டு சைக்கிள், அதை மாட்டும் ஸ்டாண்டு எல்லாம் 45 கிலோ. வெளியே போடும் நாற்காலி, மேஜை, கூடாரம் 40 கிலோ. துணிமணி, பாத்திரம், அரிசி, பருப்பு, மிக்ஸி என்று 100 கிலோ. மொத்தம் 435. ‘கொஞ்சம்தானே கூடுது’ என்று தோன்றும். ஆனால் அந்தக் கூடுதல் எடையைத் தாங்குவது டயரும் பிரேக்கும். சோதனையில் மாட்டினால் அபராதம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்றாக இருக்கலாம்.

தீர்வு எளிது. கிளம்புவதற்கு முன், எல்லாவற்றையும் ஏற்றி, எல்லோரும் உட்கார்ந்து, பக்கத்திலுள்ள எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்தால் போதும். தண்ணீரை முழுதாக நிரப்பாமல் ஓட்டி, போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்புவது இன்னொரு வழி.

3.5 டன்னைத் தாண்டிப் பதிவான பெரிய வண்டி என்றால் செலவும் விதியும் மாறும். பிரான்ஸ் டோலில் 2 முதல் 3 மீட்டருக்குள் உயரமும் 3.5 டன்னுக்குள் எடையும் உள்ள வண்டி இரண்டாம் வகுப்பு. எடை தாண்டினாலோ, உயரம் 3 மீட்டரைத் தொட்டாலோ கட்டணம் அடுத்த வகுப்புக்குப் போய்விடும். 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகள், ஓட்டுநருக்குத் தெரியாத பக்கங்களை எச்சரிக்கும் ஸ்டிக்கர்களை ஒட்டியிருக்க வேண்டும் என்பது 2021 முதல் அங்கே சட்டம்.

மூன்றாவது கணக்கு: பாஸ்போர்ட்

பிரெக்ஸிட்டுக்கு முன்பு பிரிட்டிஷ்காரர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. குளிர்காலம் முழுக்க ஸ்பெயின் கடற்கரையில் வண்டியைப் போட்டுவிட்டு, வசந்தத்தில் ஊர் திரும்பிய ஓய்வூதியர்கள் ஏராளம். இப்போது, எந்த 180 நாட்களை எடுத்தாலும் அதில் 90 நாட்கள்தான் ஷெங்கன் நாடுகளில் இருக்கலாம். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். லீப் அல்லாத வருடத்தில் ஜனவரி 1 அன்று நுழைந்து மார்ச் 31 வரை இருந்தால் 90 நாளும் முடிந்தது. அதன்பிறகு ஜூன் இறுதி வரை பிரான்ஸ் பக்கம்கூடத் தலைவைக்க முடியாது.

2025 அக்டோபர் 12 முதல் இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரே வைத்துக்கொள்ளும் முறை படிப்படியாக வந்தது. எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிவாகின்றன. ‘ஸ்டாம்ப் சரியா விழல, யாரு எண்ணப் போறாங்க’ என்ற காலம் போய்விட்டது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால், நுழையும் நாளில் அது வழங்கப்பட்டு பத்து வருடம் ஆகியிருக்கக் கூடாது. வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் பிரிட்டனில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இன்னொரு படி உண்டு. பிரிட்டன் விசா கையில் இருந்தாலும் ஷெங்கன் விசா தனியாக வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டிலும் சம நாட்கள் என்றால், முதலில் நுழையும் நாட்டிடம். ஆக, பிரான்ஸில் ஏழு இரவா, ஸ்பெயினில் ஏழு இரவா என்பது ருசி சம்பந்தப்பட்ட கேள்வி மட்டுமல்ல. எந்த வரிசையில் நிற்பது என்ற கேள்வியும்கூட. ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும்.

லைசென்ஸிலும் கவனம் தேவை. இந்திய லைசென்ஸை வைத்து பிரிட்டனில் குடியேறியவர்கள் 12 மாதம் மட்டுமே ஓட்டலாம். அதற்குமேல் அங்கேயே டெஸ்ட் எழுதிப் பாஸ் செய்ய வேண்டும். பிரிட்டனின் போட்டோ லைசென்ஸ் கையில் இருந்தால், பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் சர்வதேச பர்மிட் தேவையில்லை. வாடகை வண்டி என்றால், வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதிக்கும் விஇ103 சான்றிதழை வாடகை நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும். வண்டியின் பின்னால் ‘யுகே’ ஸ்டிக்கர் வேண்டும். பழைய ‘ஜிபி’ ஸ்டிக்கர் 2021 செப்டம்பரிலிருந்து செல்லாது.

ஒரு சின்ன எச்சரிக்கை, தமிழ்ச் சமையலறைகளுக்கு: பால், தயிர், நெய், இறைச்சி எதையும் பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய யூனியனுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. புளியோதரைப் பொடி தப்பிக்கும், தயிர்சாதம் தப்பிக்காது.

ராத்திரி எங்கே நிறுத்துவது?

பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று மோட்டார்வே ஓய்விடங்களில் தூங்குவதுதான் தவிர்க்க வேண்டிய முதல் தவறு. தூங்கும்போது வண்டிக்குள் புகுந்து திருடுவது அங்கே பழைய கதை. மோட்டார்வேயை விட்டு இறங்கிப் பத்து நிமிடம் ஓட்டினால், பிரான்ஸின் பல சிறு ஊர்களில் மோட்டார்ஹோம்களுக்கென்றே ‘ஏர்’ என்ற நிறுத்தங்கள் இருக்கின்றன. தண்ணீர் பிடிக்கலாம், கழிவறைத் தொட்டியைக் காலி செய்யலாம். சில இலவசம், சில குறைந்த கட்டணம். 1992-இல் தொடங்கிய ‘ஃபிரான்ஸ் பாசியோன்’ திட்டத்தில் உறுப்பினரானால் திராட்சைத் தோட்டங்களிலும் பண்ணைகளிலும் ஓர் இரவு இலவசமாகத் தங்கலாம்.

ஸ்பெயினில் ஒரு நுணுக்கம் உண்டு. நிறுத்துவது வேறு, முகாமிடுவது வேறு. சக்கரம் மட்டும் தரையில் பட, வெளியே எதையும் விரிக்காமல் உள்ளே தூங்கினால் அது பார்க்கிங். நாற்காலி போட்டு, பந்தல் விரித்துவிட்டால் அது கேம்பிங்; அனுமதி இல்லாத இடத்தில் அபராதம் உண்டு. உள்ளூர் பலகைகளையும் மதிக்க வேண்டும்.

இது அபராதம் பற்றிய விஷயம் மட்டும் இல்லை. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு அது வீடு. இரவு ஓசியில் நின்று, கழிவுநீரைத் தரையில் விட்டு, காலையில் ஒரு காபிகூட வாங்காமல் கிளம்பும் வண்டிகளால்தான் அடுத்த வருடம் அங்கே தடைக் கம்பி முளைக்கிறது. ஊருக்குள் ஒரு ரொட்டியாவது வாங்குவது, அடுத்து வருகிறவர்களுக்கான வாடகை.

அப்படியென்றால் ரூட் எது?

டோவரிலிருந்து கலேக்குக் கப்பலில் ஒன்றரை மணி நேரம். ஃபோக்ஸ்டோனிலிருந்து சுரங்க ரயிலில் 35 நிமிடம். அடுப்பு கேஸ் சிலிண்டருக்கு அனுமதி உண்டு, ஆனால் எல்பிஜியில் ஓடும் வண்டியைச் சுரங்க ரயிலில் ஏற்ற மாட்டார்கள். முதல் நாள் 120 கி.மீ. போதும். சாலையின் வலப்பக்கம் ஓட்டப் பழக அது தேவை. ஸ்டியரிங் வலதுபுறம் இருப்பதால் டோல் பூத்தில் பணம் கட்டுவது பக்கத்து சீட்காரரின் வேலை.

அடுத்து ரூவான், அங்கிருந்து லுவார் நதிக்கரையில் சோமூர். அங்கே ஒரு நாள் ஓய்வு. புவாத்தியே, அங்குலேம் வழியாக பொர்தோ நோக்கி இறங்கும் என்10 சாலைக்கு டோல் இல்லை. சான்-எமிலியோன் திராட்சைத் தோட்டங்களில் இரண்டு இரவு. பிறகு சான்-ழான்-த-லூஸ், எல்லையைத் தாண்டி சான் செபாஸ்டியன். பில்பாவ் வழியாக சான்டான்டர். அங்கிருந்து போர்ட்ஸ்மவுத்துக்கோ பிளிமவுத்துக்கோ கப்பல். ஏறினால் மறுநாள்தான் கரை. டிக்கெட் விலை அதிகம்தான். ஆனால், திரும்பி வரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டருக்கான டீசல், டோல், மூன்று நாள் லீவு இவற்றோடு ஒப்பிட்டுவிட்டுப் பேச வேண்டும்.

மொத்த ஓட்டம் 1,400 கி.மீ.க்குள் அடங்கும். ஓட்டாத நாட்கள் ஐந்தாறு மிஞ்சும். ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் சனிக்கிழமைகளில் பிரான்ஸே சாலைக்கு வந்துவிடும் என்பதால், அந்த நாட்களில் வண்டியை எடுக்காமல் இருப்பது நல்லது. முடிந்தால் ஜூன் அல்லது செப்டம்பர்.

‘இவ்வளவு கணக்குப் போட்டுட்டு எதுக்குங்க ட்ரிப்? மனசு போன போக்குல போறதுதானே மோட்டார்ஹோம்!’ என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால், நாளைக்கு 400 கி.மீ. போயே ஆக வேண்டும் என்று இருப்பவர், ஒரு கிராமத்துச் சந்தையைப் பார்த்ததும் பிரேக் போட முடியாது. 100 கி.மீ. மட்டும் பாக்கி வைத்திருப்பவரால் முடியும். மனம் போன போக்கில் போக நேரம் கையில் இருக்க வேண்டும். அந்த நேரத்தை மிச்சம் பிடித்துத் தருவது பிப்ரவரி மழையில் சோபாவில் உட்கார்ந்து போட்ட கணக்குதான். மலாகா எங்கும் போய்விடாது. அடுத்த வருடம் ஃபிளைட்டில் பார்த்துக்கலாம்.