காம்பராவுக்கு ஒரு பிள்ளை



போன மாதம் ஒரு தாய் என்னைப் பார்க்கப் பாடசாலைக்கு வந்தார். மத்தியானக் கொழுந்து நிறுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தார். அவருடைய இளைய மகள் என்னிடம் 11 ஆம் தரத்தில் படிக்கிறாள். கணிதத்தில் வகுப்பில் முதலாவது அவள்தான்.

"சேர், எனக்கு இன்னும் ரெண்டு வருசந்தான் வேலை இருக்கு. அதுக்கப்புறம் வீட்டுல யாரும் பேர் பதியலன்னா காம்பராவ விடச் சொல்லுவாங்க. பெரியவன் கொழும்புல கடையில நிக்கிறான், அவன் திரும்பி வரமாட்டான். பரீட்ச முடிஞ்சதும் சின்னவளப் பேர் பதியச் சொல்லலாமான்னு யோசிக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

உடனே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இதே கேள்வி சுமார் இருபது வருடங்களுக்கு முன் எங்கள் காம்பராவிலும் கேட்கப்பட்டது. அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் வந்து வேலைக்குப் போக முடியாமல் போன நேரம் அது. அக்கா சாதாரண தரம் எழுதியிருந்தார். என்னைவிட நன்றாகப் படித்தவர் அவர். ஆனாலும் அக்காவின் பெயர்தான் செக்ரோலில் ஏறியது. நான் இரண்டு பஸ் மாறி நகரத்துக்குப் போய் உயர் தரம் படித்தேன். பஸ் காசு அக்காவின் சம்பளத்தில் வந்தது. பிறகு கல்வியியற் கல்லூரி, பிறகு நியமனம். நியமனம் கிடைத்த வருடம் கோயில் திருவிழாவில் எனக்கு மாலை போட்டார்கள். "தோட்டத்துப் பிள்ளை ஆசிரியராகிவிட்டார்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அக்காவை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. அன்றைக்கும் அவர் மலையில்தான் நின்றார்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த கதை இல்லை. இதை வாசிக்கும் பலருடைய வீட்டிலும் ஒருவர் ஏறியிருப்பார், ஒருவர் நின்றிருப்பார். பெரும்பாலும் நின்றவர் பெண்பிள்ளைதான்.

பரிசளிப்பு விழாக்களில் நாங்கள் ஆசிரியர்கள் ஒரே பேச்சைத்தான் பேசுகிறோம்: "படியுங்கள், முன்னேறலாம்." நானும் பேசியிருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் பாதி உண்மை. மற்றப் பாதியைச் சொல்லாமல் விட்டால், முன்னேற முடியாத பிள்ளை தன்னிடம்தான் குறை என்று நினைத்துக்கொள்ளும். அதன் தாய் தகப்பனும் அப்படியே நினைப்பார்கள்.

மற்றப் பாதி இதுதான். இந்த நாட்டில் ஏழைக் குடியானவனின் பிள்ளையும் பேரப்பிள்ளையும் மேலே வர மூன்று படிகள் உதவின. இலவசக் கல்வி ஒன்று, அரசாங்க உத்தியோகம் ஒன்று, காணி ஒன்று. இந்த மூன்றும் எங்களுக்கு எப்படி வந்தன என்று பார்ப்போம்.

முதலாவது, கல்வி. 1945 இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. எங்கள் பாட்டன்மாரின் பிள்ளைகளுக்கு இருந்ததோ தோட்டப் பள்ளிக்கூடம். அது துரையின் பொறுப்பில் இருந்தது. பல இடங்களில் ஓர் அறை, ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முடிவு. அரசாங்கம் அந்தப் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். கிராமத்துப் பிள்ளை இரண்டாம் படியில் கால் வைத்தபோது எங்கள் பிள்ளை முதற்படிக்கே வரவில்லை.

இரண்டாவது, உத்தியோகம். 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடமே வாக்குரிமையும் போனது. பிரஜை இல்லாதவனுக்கு அரசாங்க வேலை இல்லை, குடியேற்றத் திட்டத்தில் காணியும் இல்லை. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் ஆட்களை எண்ணிப் பங்கு பிரித்தது. நாடற்றவர் என்ற பிரச்சினை சட்டத்தில் தீர 2003 வரை காத்திருந்தோம். ஒரு மனிதன் பிறந்து, வேலை செய்து, பேரப்பிள்ளை காணும் காலம் அது.

மூன்றாவது, காணி. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது. தோட்டங்கள் அரசுடைமையாயின. அந்தக் காணியை உழைப்பால் உருவாக்கியவர்களுக்கு அதில் பங்கு வரவில்லை. சில இடங்களில் எங்கள் ஆட்களை லயத்தை விட்டே துரத்தினார்கள். தோட்டக் காணி 7,000 ஏக்கரைப் பறிப்பதை எதிர்த்து நின்றபோதுதான் 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு உயிர்விட்டார். வருடந்தோறும் அவரை நினைவுகூருகிறோம். அவர் எதற்காக நின்றாரோ, அந்தக் காணிப் பிரச்சினை இன்னும் முடியவில்லை. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு மாறியது. நிலம் அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது. அங்கே பிறந்து வளர்ந்தவனுக்கு என்ன இருக்கிறது?

செக்ரோலில் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரோடு ஒட்டிய ஒரு காம்பரா இருக்கிறது. கிராமத்துத் தகப்பன் சாகும்போது பிள்ளைக்கு அரை ஏக்கராவது எழுதி வைக்கிறார். அதை ஈடு வைத்து ஒரு பிள்ளை படிக்கலாம், இன்னொரு பிள்ளை கடை போடலாம். நாங்கள் பிள்ளைக்கு விட்டுப்போவது வேலையை மட்டும்தான். வேலையை எடுக்காத பிள்ளைக்குக் கூரையும் இல்லை என்ற பயம் வீட்டுக்குள் இருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு தலைமுறையிலும் காம்பராவுக்கு ஒரு பிள்ளையைக் கொடுக்கிறோம்.

சம்பளத்துக்காகப் போராடுகிறோம். 2021 இல் 1,000 ரூபா, 2024 இல் 1,350 ரூபா. ஒவ்வொரு ரூபாவும் தெருவில் நின்று வாங்கியது. ஆனால் சம்பளம் கூடும்போதெல்லாம் நிறுவைக்குக் கேட்கும் கிலோவும் கூடுகிறது. குறைந்தால் அரைப்பேர். சம்பளம் இந்த மாதச் சாப்பாட்டுக் கடனைத் தீர்க்கும். அடுத்த தலைமுறையின் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டுமானால் காணி வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கேட்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

"காணித் துண்டு தருகிறார்களே, இந்திய வீடு வருகிறதே" என்று சிலர் கேட்பார்கள். வந்த வீடுகளை நான் குறைவாகப் பேசமாட்டேன். தனி வீட்டுக்குப் போன பிள்ளைக்குப் படிக்க ஒரு மூலையும் மேசை போட இடமும் கிடைத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2017 இல் நோர்வூட் கூட்டத்தில் இந்தியப் பிரதமர் 10,000 வீடுகள் என்று அறிவித்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் வீடு கட்டிக் கொடுப்பது ஒன்று, அதன் காணி உறுதியைக் கையில் கொடுப்பது இன்னொன்று. உறுதி இல்லாத வீடு, கொஞ்சம் பெரிய காம்பரா. அவ்வளவுதான்.

இனி எங்களுக்குள்ளேயே பேச வேண்டிய ஒரு விஷயம். ஒரு கூட்டத்தில் மூத்த தோழர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, காணி கிடைச்சா எல்லாம் வெளிய போயிரும். சந்தா யார் கட்டுறது? சங்கம் கரைஞ்சிரும்." அவர் மனதில் இருந்ததை மறைக்காமல் சொன்னார், அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் நான் நினைப்பது வேறு. கூரை போய்விடும் என்ற பயத்தோடு நிற்கும் தொழிலாளி வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாளே தளர்ந்துபோவார். சொந்தக் காணியில் வீடு உள்ளவர் பத்தாம் நாளும் நிற்பார். போக முடிந்தும் போகாமல் நிற்கும் ஆளோடுதான் கம்பனி மரியாதையாகப் பேசும். பயத்தால் சேர்த்து வைத்திருக்கும் அங்கத்துவம் சங்கத்துக்குப் பலம் இல்லை.

ஆகவே நான்கு காரியங்களைத் தோட்டக் கமிட்டிகள் முன் வைக்கிறேன்.

ஒன்று: லயத்தில் இருப்பவர்களுக்கும் புது வீட்டில் இருப்பவர்களுக்கும் காணி உறுதி வேண்டும். அது வேலையோடு ஒட்டாததாக, கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். எங்கள் அக்காமார் உழைத்த வீட்டில் அவர்களின் பெயரும் இருக்கட்டும்.

இரண்டு: உறுதி வரும்வரை, படிக்கும் பிள்ளை உள்ள எந்தக் குடும்பத்திடமும் காம்பராவைக் கேட்கக்கூடாது. இதை நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்க வேண்டும். வாய்ச்சொல் துரை மாறும்போது மாறிவிடும்.

மூன்று: பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் தமிழ்மொழியில் உயர் தர விஞ்ஞான, கணித வகுப்புகள் வேண்டும். என் மாணவர்களில் பலர் கலைப்பிரிவுக்குப் போவது விருப்பத்தால் இல்லை. பக்கத்தில் இருப்பது அது மட்டும்தான்.

நான்கு: இது என்னைப் போன்றவர்களுக்கு. ஆசிரியர், கிளார்க், கடைக்காரர் என்று ஏறிப்போனவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும். சாதாரண தரம் எழுதும் பிள்ளைகளின் பட்டியல் ஒன்றை ஒவ்வொரு கமிட்டியும் வைத்திருக்கட்டும். யார் நிற்கப்போகிறார்கள், ஏன் நிற்கிறார்கள் என்பது அதில் இருக்கட்டும். பஸ் காசுதான் தடை என்றால் அதைத் தீர்க்க எங்களால் முடியும். நான் ஏறியது ஒருவருடைய தோளில். அந்தக் கடனை அக்காவிடம் தீர்க்க முடியாது, இன்னொரு பிள்ளையிடம்தான் தீர்க்கலாம்.

அந்தத் தாயிடம் கடைசியில் சொன்னேன்: "பேர் பதிய விடாதீங்கம்மா. பிள்ளை படிக்கட்டும். காம்பரா விசயத்த கமிட்டிக்குக் கொண்டு வாறேன்." அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க சொன்னா சரிங்க சேர்" என்று சொல்லிவிட்டுப் பின்னேரக் கொழுந்துக்குப் போனார்.

நான் சொல்லிவிட்டேன். ஆனால் என் கையில் எந்தக் கடதாசியும் இல்லை. அந்த அம்மாவுக்கு இருப்பது இரண்டு வருடம். அதற்குள் அந்தக் கடதாசியை வாங்கிக் கொடுக்க வேண்டியது நானும் நீங்களும் சேர்ந்த சங்கம்தான். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் லயத்துப் பிள்ளைகளின் பட்டியலோடு வாருங்கள்.