கார் மேப் அப்டேட்டுக்கு குறுக்குவழி 'கோடு': வாங்கினால் என்ன சிக்கல்?

நாவலூர் டோல்கேட்டில் 2023 அக்டோபர் 19 முதல் கட்டணம் கிடையாது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் அதே ஆண்டு டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. மாதவரம் - சிப்காட் மெட்ரோ பணியால் ஓ.எம்.ஆரில் யூ-டர்ன் இருக்கும் இடமே மாறிக்கிட்டு இருக்கு. ஆனால், 2019-ல் வாங்கிய காரில் மேப்பை ஒருமுறைகூட அப்டேட் செய்யவில்லை என்றால், அதன் நேவிகேஷனுக்கு இது எதுவும் தெரியாது.

அப்டேட் கேட்டால் பல மாடல்களுக்கு நிறுவனம் கட்டணம் சொல்கிறது. அந்த இடத்தில்தான் "சேஸிஸ் நம்பர் அனுப்புங்க, பாதி விலைக்கு கோடு தர்றோம்" என்று சொல்பவர்கள் நுழைகிறார்கள். மேப் மட்டுமல்ல, பூட்டி வைக்கப்பட்ட மற்ற வசதிகளையும் திறந்து தருவதாகச் சொல்கிறார்கள். இது சரியா? சட்டம் என்ன சொல்லுது?

கோடு எப்படி வேலை செய்கிறது?

ஒவ்வொரு காருக்கும் 17 இலக்க அடையாள எண் உண்டு. ஆர்.சி. புக்கில் சேஸிஸ் எண் என்று இருப்பது அதுதான். பணம் கட்டியதும் நிறுவனத்தின் சர்வர், அந்த எண்ணுக்கு மட்டும் பொருந்தும் டிஜிட்டல் கையெழுத்துடன் ஒரு கோடைத் தருகிறது. காரின் திரைக்குப் பின்னால் இருக்கும் கணினி அந்தக் கையெழுத்தைச் சரிபார்த்த பிறகே மேப்பைத் திறக்கும். செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் கார் தயாரிக்கும் பி.எம்.டபிள்யூ உள்ளிட்ட பல நிறுவனங்கள் இந்த முறையைப் பயன்படுத்தியுள்ளன.

வெளியில் விற்கும் கோடு பெரும்பாலும் இரண்டு வகை. பழைய கார்களில் பூட்டு பலவீனமாக இருந்தால், கணக்குப் போட்டே கோடு உருவாக்கிவிடுகிறார்கள். புதிய கார்களில் அது நடக்காது. அதனால் 'எந்தக் கோடு கொடுத்தாலும் ஏத்துக்கோ' என்று திரையின் சாஃப்ட்வேரையே மாற்றிவிடுகிறார்கள். ஆபத்து அதிகம் இருப்பது இந்த இரண்டாவது வகையில்தான்.

இலங்கையில் என்ன நடக்குது?

ஜப்பானில் இருந்து வரும் பயன்படுத்திய கார்கள் இலங்கையில் அதிகம். அவற்றில் சில மாடல்களில் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலே திரை பூட்டிக்கொண்டு, ஜப்பானிய மொழியில் கோடு கேட்கும். அதைத் திறந்து கொடுப்பதே அங்கே ஒரு தொழிலாகிவிட்டது. இங்கே உரிமையாளர் எதையும் திருடவில்லை. தன் காரின் ரேடியோவைத் திரும்பப் பெறவே காசு கொடுக்கிறார். மேப்பை காசு கொடுக்காமல் எடுப்பதும் இதுவும் ஒன்றல்ல.

சட்டம் என்ன சொல்லுது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு டிஜிட்டல் பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம் என்கிறது. இதில் 'நோக்கத்தோடு' என்ற சொல் முக்கியம். மேப் என்பது ஒரு நிறுவனம் ஊர் ஊராக அளந்து தயாரித்த தகவல். அதைக் காசு கொடுக்காமல் எடுப்பதற்காகப் பூட்டை உடைப்பது இந்தப் பிரிவுக்குள் வரும். தன் காரைப் பழுதுபார்க்கத் திறப்பதில் மட்டும் வாதத்துக்கு இடம் இருக்கு.

அப்போ காருக்குள்ளேயே இருக்கிற வசதி?

2022-ல் பி.எம்.டபிள்யூ, சீட்டைச் சூடாக்கும் வசதிக்கு தென்கொரியாவில் மாதம் சுமார் 18 டாலர் கேட்டது. ஹீட்டர் ஏற்கெனவே சீட்டுக்குள் இருக்கு. அதை ஆன் செய்யத்தான் காசு. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்ப, 2023-ல் நிறுவனம் அந்த முறையைக் கைவிட்டது.

டெஸ்லாவின் மாடல் 3 காரில் வேகத்தைக் கூட்டும் அப்டேட்டுக்கு நிறுவனம் 2,000 டாலர் வாங்கியது. அதே மாதிரி வேகம் தரும் கருவியை கனடா நிறுவனம் ஒன்று 1,100 டாலருக்கு விற்றது. 2020-ல் டெஸ்லா அனுப்பிய அப்டேட் அதைக் கண்டுபிடித்து, காரின் திரையிலேயே எச்சரிக்கை காட்டியது. குறுக்குவழியில் திறந்த வசதி அடுத்த அப்டேட் வரைதான் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பாதுகாப்புக்கு என்ன ஆபத்து?

'திரைதானே, அதுல என்ன ஆகப் போகுது' என்று நினைக்க முடியாது. 2015-ல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு ஜீப்பின் திரை வழியாக நுழைந்து, ஓடிக்கொண்டிருந்த காரின் இன்ஜினையே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். 14 லட்சம் வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. முகம் தெரியாதவர் கொடுத்த பென்டிரைவை காரில் செருகும்போது, அதில் வேறென்ன இருக்கு என்பது உரிமையாளருக்குத் தெரியாது. திரை செயலிழந்தால் வாரண்டி மறுக்கப்படலாம்.

தப்பு வாங்குபவரிடம் மட்டுமா?

இல்லை. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் வைத்திருந்ததாக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-ல் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.64 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஆராய அமைத்த குழுவின் பட்டியலிலும் கார்கள் இருந்தன. அன்று பூட்டு உதிரிபாகத்தில் இருந்தது, இன்று சாஃப்ட்வேருக்கு வந்திருக்கிறது. நியாயமான விலையில் நேர்வழி இருந்தால், குறுக்குவழிக் கோடுக்கு ஆள் தேடி வர மாட்டார்கள்.

கார் வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்?

* சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் எண்ணைச் சொல்லி, இலவச மேப் அப்டேட் பாக்கி இருக்கா என்று கேளுங்கள். சில மாடல்களுக்கு முதல் சில ஆண்டுகள் இலவசம்.
* ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது கார்பிளே இருந்தால், போன் மேப்பே திரையில் வரும். அதற்குக் கோடே தேவையில்லை.
* பழைய கார் வாங்குவோர், கூடுதல் வசதிகளுக்கு ஒரிஜினல் பில் கேளுங்கள். பில் இல்லாத வசதி, அடுத்த அப்டேட்டில் காணாமல் போகலாம்.
* பேட்டரி மாற்றிய பின் திரை பூட்டிக்கொண்டால், முதலில் ஆர்.சி.யுடன் டீலரிடம் போங்கள்.

குறைந்த விலைக் கோடு தற்போதைக்கு லாபமாகத் தெரியும். ஆனால் நாளைக்குத் திரை கறுத்துப் போனால், அதை விற்றவரிடம் கேட்க பில்லும் இருக்காது, வாரண்டியும் இருக்காது.