செல்ல நாய்க்கு சி.டி. ஸ்கேன்: எப்போது தேவை, எப்போது வேண்டாம்?

ஏழு வயது லேப்ரடாருக்குத் திடீரென மூக்கில் ரத்தம். பதறிப்போய் மொபைலில் தேடினால், ‘புற்றுநோயாக இருக்கலாம்’ என்று வருகிறது. ‘உடனே சி.டி. ஸ்கேன் எடுத்துடலாமா டாக்டர்?’ என்று கேட்டால், அவரோ ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருகிறார். அலட்சியமாக இருக்கிறாரோ என்று தோன்றலாம். உண்மையில் அதுதான் சரியான முதல் படி.

நம் ஊர் நாய்களுக்கு மூக்கில் ரத்தம் வருவதற்கு உண்ணிக் காய்ச்சலும் ஒரு முக்கியக் காரணம். உண்ணி மூலம் பரவும் எர்லிக்கியா என்ற பாக்டீரியா, ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும். ரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணப்படுத்தலாம்.

ஸ்கேன் எங்கே உதவும்?

ரத்தப் பரிசோதனை நார்மல், ஆனாலும் வாரக்கணக்கில் ஒரே நாசியில் ரத்தமோ சளியோ வருகிறது என்றால் கதை வேறு. எக்ஸ்ரேயில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து குழப்பும். சி.டி. கருவி உடலைச் சுற்றிவந்து, பிரெட் ஸ்லைஸ் போல அடுக்கடுக்காகப் படமெடுக்கும். மூக்குக்குள் இருக்கும் கட்டி, எலும்பு அரிப்பு, நடுக்காதுத் தொற்று, மூட்டுக் கோளாறு, எக்ஸ்ரேக்குத் தப்பும் நுரையீரல் சிறு கட்டிகள் எல்லாம் இதில் பிடிபடும்.

ஆனால், கட்டி எங்கே இருக்கிறது என்பதைத்தான் ஸ்கேன் சொல்லும். அது என்ன கட்டி என்று உறுதிசெய்ய பெரும்பாலும் பயாப்ஸி வேண்டும். மூளை, தண்டுவடப் பிரச்சினைகளில் பல நேரம் எம்.ஆர்.ஐ.தான் தெளிவாகக் காட்டும்.

மயக்க மருந்து எதற்கு?

‘மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க’ என்று மனிதரிடம் சொல்லலாம். நாயிடம் சொல்ல முடியுமா? ஸ்கேன் சில நிமிடங்களில் முடிந்தாலும், பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்தே ஆக வேண்டும். பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு இதில் ஆபத்து கூடுதல். அதனால்தான் ரத்தம், சிறுநீரகம், இதயம் எல்லாம் முன்கூட்டியே சோதிக்கப்படுகின்றன. சில மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்கவும் சொல்வார்கள். முயலுக்கு இந்த விதி பொருந்தாது. அதை நீண்ட நேரம் பட்டினி போடக் கூடாது.

மூன்று கேள்விகள்

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேளுங்கள்: இந்த ரிசல்ட்டால் சிகிச்சை மாறுமா? இதைவிட எளிய பரிசோதனை பாக்கி இருக்கிறதா? மயக்க மருந்து, கான்ட்ராஸ்ட் ஊசி, ரிப்போர்ட் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?

முதல் கேள்விதான் முக்கியம். பதினான்கு வயது நாய்க்கு ஆபரேஷனோ கீமோவோ வேண்டாம் என்று குடும்பம் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தால், ஸ்கேன் பெரும்பாலும் நோய்க்கு ஒரு பெயரை மட்டுமே தரும். அந்தப் பணம் வலி நிவாரணத்துக்கும் பராமரிப்புக்கும் போகலாம். அதனால் பாசம் குறைந்துவிட்டது என்று யாரும் குற்ற உணர்ச்சிகொள்ள வேண்டியதில்லை.

மருத்துவமனைகளுக்கும் பொறுப்பு உண்டு. மொத்தச் செலவை முன்பே எழுத்தில் தர வேண்டும். ஸ்கேன் படங்களின் டிஜிட்டல் பிரதியையும் உரிமையாளர் கையில் கொடுக்க வேண்டும். டாக்டரை மாற்றினால் அந்த ஜீவனை மறுபடியும் மயக்கத்தில் படுக்க வைக்கும் நிலை வரக் கூடாது. அரசு கால்நடை மருத்துவமனைகளில் கட்டுப்படியாகும் கட்டணத்தில் இந்த வசதி பரவினால், பர்ஸின் கனம் பார்த்து சிகிச்சையை முடிவுசெய்யும் அவலமும் குறையும்.