‘கார்டு சோல்பே நா’: நம் பணம், நமக்கே கதவடைப்பு!



பிழைப்புத் தேடி இந்த மாநகருக்கு வந்த நாம் முதலில் கற்றுக்கொண்ட வங்காளச் சொற்களில் ஒன்று ‘சோல்பே நா’. செல்லாது, நடக்காது என்று பொருள். ஊர்வலத்தில் தொழிலாளி சொன்னால் அது கோஷம். ஸ்கேன் சென்டரின் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஒருவர் சொன்னால் அது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை அண்மையில் நானே பக்கத்தில் நின்று கேட்டேன்.

நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர் ரயில் நிலையத்தில் ஒப்பந்தக்காரரிடம் துப்புரவு வேலை செய்கிறார். அவர் மனைவிக்கு மூன்று வாரமாகத் தலைவலி. இடது கை மரத்துப் போகிறது. இ.எஸ்.ஐ. டாக்டர் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி எழுதினார். அங்கே அந்த மெஷின் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் கிடைத்த தேதியோ இரண்டரை மாதம் தள்ளி. சீட்டை எடுத்துக்கொண்டு ஒரே நாளில் நான்கு சென்டர் ஏறி இறங்கினோம். முதல் இடத்தில் ‘கார்டு சோல்பே நா’. இரண்டாவது இடத்தில் ‘அட்மிஷன் ஆனால்தான் கார்டு’. மூன்றாவது இடத்தில் ‘எங்கள் ரேடியாலஜிஸ்ட் கார்டு கேஸுக்கு ரிப்போர்ட் எழுதுவதில்லை’. நான்காவது இடத்தில் பதில்கூட இல்லை. பணம் கட்டும் ஜன்னலைக் கை காட்டினார்கள். ஏழாயிரம் ரூபாய்! அந்தத் தங்கையின் கம்மல் அன்று மாலையே அடகுக் கடைக்குப் போயிற்று.

படத்தில் கட்டி தெரிந்தது. இப்போது ஆபரேஷனுக்கு அதே கார்டு செல்லுமாம்! இரண்டரை மாதம் காத்திருந்தால் கார்டு செல்லுபடியாகியிருக்கும், ஆள் இருந்திருப்பாரா?

நாம் கேட்பது தர்மமா? கணக்குப் பாருங்கள். 2019 ஜூலை 1 முதல் வந்த விகிதப்படி தொழிலாளி பங்கு 0.75 சதம், முதலாளி பங்கு 3.25 சதம். இந்தத் தோழருக்கு மாதச் சம்பளம் 14,000 ரூபாய். அவர் பங்கு 105, முதலாளி பங்கு 455. ஆக மாதம் 560. ஆண்டுக்கு 6,720. ஐந்தாண்டில் 33,600. முதலாளி பங்கும் நம் உழைப்பிலிருந்து வந்ததே அல்லாமல் அவர் வீட்டுச் சொத்து அல்ல. நான்கு எம்.ஆர்.ஐ.க்கும் மேலாக முன்கூட்டியே பணம் கட்டிய குடும்பம், ஒரு எம்.ஆர்.ஐ.க்குக் கம்மலைக் கழற்ற வேண்டுமா?

1952-இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய இ.எஸ்.ஐ. திட்டம் 1955-இல் கல்கத்தாவுக்கும் ஹவுராவுக்கும் வந்தது. வேலையில் சேர்ந்த நாள் முதலே தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் முழு வைத்தியம், செலவுக்கு உச்சவரம்பு இல்லை என்பது அதன் வாக்குறுதி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

மற்றக் கார்டுகளின் கதை என்ன? இந்த மாநிலத்தில் 2016 டிசம்பரில் ஸ்வாஸ்த்ய சாதி தொடங்கியது. 2020 டிசம்பர் முதல் எல்லாக் குடும்பங்களுக்கும் என்று விரிந்தது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் 2018 செப்டம்பரில் வந்தது. 2019 ஜனவரியில் மேற்கு வங்கம் அதிலிருந்து விலகியது. டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் சண்டை. பெயர் யாருடையது, படம் யாருடையது என்று! இரண்டிலும் ஆண்டுக்கு ஐந்து லட்சம் என்றார்கள். ஆனால் இரண்டின் அடிப்படையும் ஒன்றே: படுக்கையில் சேர்ந்தவருக்கே காப்பீடு. ஆயுஷ்மான் பாரத் விதியில் அட்மிஷனுக்கு முந்தைய மூன்று நாள் சோதனைச் செலவு சேரும். மூன்று நாளில் ஸ்கேன் எடுத்து, ரிப்போர்ட் வாங்கி, படுக்கையும் பிடிப்பவர் எத்தனை பேர்? படம் இல்லாமல் படுக்கை இல்லை. படுக்கை இல்லாமல் படம் இல்லை. இந்தச் செக்கில்தான் நம்மைச் சுற்றவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டில் நோயறியும் சோதனைகளும் பட்டியலில் உண்டு. அதற்கு அந்த ஊர் ரேஷன் கார்டு வேண்டும். நம்மவர் பலருக்கு ரேஷன் கார்டு அங்கே, வயிறு இங்கே!

கல்கத்தாவுக்கு இது புதிதல்ல. 1992 ஜூலை 8 இரவு, மதுராபூர் ஸ்டேஷனில் ஓடும் ரயிலிலிருந்து ஹக்கீம் ஷேக் என்ற விவசாயக் கூலித் தொழிலாளி விழுந்தார். தலையில் படுகாயம். அரசு ஆஸ்பத்திரி ஒவ்வொன்றாக அலைந்தார். ‘பெட் இல்லை’ என்றார்கள். சி.டி. ஸ்கேனைத் தனியாரிடம் 1,310 ரூபாய் கட்டி எடுத்தார். கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவழித்தார். அவர் தலையெழுத்து என்று சும்மா இருந்ததா அவருடைய சங்கம்? பஸ்சிம் பங்க கேத் மஜ்தூர் சமிதி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1996 மே 6-இல் தீர்ப்பு வந்தது: உரிய நேரத்தில் சிகிச்சை தராதது உயிர்வாழும் உரிமையை மீறுவது, நிதி இல்லை என்று அரசு தட்டிக்கழிக்க முடியாது, 25,000 ரூபாய் நஷ்டஈடு கொடு! கூலித் தொழிலாளியின் சங்கம் நாடு முழுவதற்கும் வாங்கித் தந்த தீர்ப்பு அது.

‘மெஷின் கோடிக்கணக்கில் விலை, அரசு தரும் ரேட் குறைவு, பில் மாதக்கணக்கில் நிற்கிறது’ என்கிறார்கள் சென்டர்காரர்கள். பில் நிற்பது உண்மையானால் அந்தக் கோபம் நியாயமே. அதை அரசிடம் காட்டட்டும். வாசலில் ‘கார்டு ஏற்கப்படும்’ என்று போர்டு மாட்டிவிட்டு, உள்ளே நோயாளியிடம் காட்டுவது என்ன நியாயம்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்காத கதை இது.

என்னையும் சொல்லிக்கொள்ள வேண்டும். நான் ரயில்வே குமாஸ்தா. எனக்கு ரயில்வே ஆஸ்பத்திரி உண்டு. நான் நடக்கும் பிளாட்பாரத்தைக் கூட்டும் தோழருக்கு அது இல்லை. அவசரத்தில் பணத்தைக் கட்டச் சொன்னது நான்தான்; உயிர் பெரிது, அதில் தவறில்லை. ஆனால் நான்கு இடத்திலும் மறுப்பை எழுத்தில் கேட்காமல் வந்தேனே, அது என் தவறு. கையில் எழுத்து இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்க ஒரு பிடி இருந்திருக்கும்.

இன்னொரு வேடிக்கை. இந்த ஊர் வங்காளி நோயாளிகள் வேலூர் வைத்தியத்துக்காக வண்டி வண்டியாகக் காட்பாடிக்குப் போகிறார்கள். அவர்களும் நிலத்தை விற்று, நகையை வைத்துத்தான் போகிறார்கள். ஆகவே இது தமிழன், வங்காளி சண்டை அல்ல. கார்டு வைத்திருப்பவன் எவனும் நம் தோழனே.

நம் கோரிக்கைகள் இவை:

1. எந்தச் சென்டரில் எந்த ஸ்கேனுக்குக் கார்டு செல்லும் என்ற பட்டியலை ஒவ்வொரு இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியிலும் ஒட்ட வேண்டும்.

2. மறுப்பவர் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

3. டாக்டர் எழுதிய ஸ்கேன், அட்மிஷன் இல்லாவிட்டாலும் காப்பீட்டில் சேர வேண்டும்.

4. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளிலேயே மெஷினும் ரேடியாலஜிஸ்டும் வேண்டும்; தனியார் பில்லுக்கு நாள் கெடு வேண்டும்.

கேட்டால் மட்டும் போதாது. அடுத்த ஞாயிறு முதல் சங்க அலுவலகத்தில் ஒரு மேஜை, ஒரு நோட்டு. உங்கள் இ.எஸ்.ஐ. நம்பர், சம்பளச் சீட்டு, டாக்டர் சீட்டு மூன்றையும் கொண்டுவாருங்கள். பிடித்த பணத்தை ஒப்பந்தக்காரர் கட்டினாரா என்று முதலில் பார்ப்போம். பிறகு யாரும் தனியாக ஜன்னலுக்குப் போகவேண்டாம்; இருவர் கூட வருவோம். ‘முடியாது’ என்றால் ‘எழுதிக் கொடு’ என்போம். நூறு மறுப்புச் சீட்டு சேரட்டும். அந்தக் கட்டோடு அதிகாரியின் மேஜைக்கு ஊர்வலமாகப் போவோம்.

அன்று அந்தச் சொல்லை நாம் சொல்லுவோம், வங்காளத் தோழர்களோடு சேர்ந்து: சோல்பே நா! சோல்பே நா!