வெட்டாமல் மாற்று!



பழைய சொகுசுக் காரில் கம்பெனி கொடுத்த ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு, கடையில் விற்கும் புது செட்டை மாட்டலாமா, கூடாதா? இந்தக் கேள்வியை நம் வகுப்பில் போட்டால் இரண்டு கட்சி கிளம்பும். "ஒரிஜினல்ல கை வைக்காதே, மதிப்பு போயிரும்" என்பது ஒரு கட்சி. "அந்த ஓட்டை கேசட் செட்டைத் தூக்கிக் கடாசு" என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டிலும் இல்லை. மாற்றலாம், தாராளமாக மாற்றலாம். ஆனால் ஒரு வயரைக்கூட வெட்டாமல் மாற்ற வேண்டும். இதுதான் என் கட்சி. இந்தக் கட்சியில் நான் சேர்ந்த கதையை முதலில் சொல்லி விடுகிறேன்.

எங்கள் தாய்மாமாவிடம் ஒரு வெள்ளை பென்ஸ் இருக்கிறது. பந்தாவுக்கு வாங்கியது அல்ல, பிழைப்புக்கு வாங்கியது. பென்ஸ் கம்பெனி டெல்கோவோடு கூட்டுச் சேர்ந்து 1995-ல் புனேயில் தயாரிக்க ஆரம்பித்ததே டபிள்யூ 124, அந்த வகை. நாலு கை மாறி மாமாவிடம் வந்தது. திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு வட்டாரத்தில் கல்யாணம் என்றால் பூ அலங்காரத்தோடு போய் நிற்கும். அந்த வாடகையில்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கிறது.

"மாப்ளே, பாட்டு கரகரன்னு கேக்குது. பொண்ணு வீட்டுக்காரங்க போன்லேர்ந்து நாதஸ்வரம் போடச் சொல்றாங்க. நீ எலக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிறே? கூட வாயேன்" என்றார். போனேன்.

கடைக்காரர் பத்தே நிமிடத்தில் பழைய செட்டை உருவினார். பின்னால் இருந்த பிளக்கைக் கட்டிங் பிளேயரால் நறுக்கென்று வெட்டினார். சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு என்று முறுக்கி டேப் சுற்றினார். பெரிய திரை உள்ளே போக வேண்டுமே என்று, டேஷ்போர்டு மரப்பலகையையும் ரம்பத்தால் அறுத்தார். சீட்டுக்கு அடியில் ஒரு ஆம்ப்ளிஃபயர். பாட்டு அதிர்ந்தது. மாமா முகத்தில் சிரிப்பு. எனக்கு உள்ளுக்குள் என்னவோ உறுத்தியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. "படிச்ச பையன் வந்துட்டான்" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் நிறுத்திய வண்டியை ஞாயிறு விடிகாலை முகூர்த்தத்துக்கு எடுக்கப் போனால், 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. பேட்டரி காலி! மணப்பெண் ஆம்னி வேனில் மண்டபத்துக்குப் போனாள். மாமா அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தலை குனிந்து வந்தார்.

அன்று மதியம் மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். நடந்தது இதுதான். கடையில் விற்கும் செட்டுகளில் மஞ்சள் வயர் நேரே பேட்டரிக்கு, சிவப்பு சாவி போட்டால் மட்டும் வரும் மின்சாரத்துக்கு, கறுப்பு எர்த். ஆனால் ஜெர்மன் கார்களில் எர்த் பிரவுன் நிறம். சிவப்பு பெரும்பாலும் நேரே பேட்டரியிலிருந்து வருவது. சிவப்போடு சிவப்பைச் சேர்த்ததால் சாவியை எடுத்த பிறகும் செட் தூங்கவே இல்லை. பட்டனை அமுக்கினால் திரை மட்டும் இருண்டது. உள்ளே செட்டும் ஆம்ப்ளிஃபயரும் விழித்துக்கொண்டே இருந்தன. மீட்டர் 1.2 ஆம்பியர் காட்டியது. வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு விடியல் வரை 36 மணி நேரம். பெருக்கிப் பாருங்கள்: 43 ஆம்பியர்-மணி! பழைய பேட்டரி எப்படித் தாங்கும்? ஒழுங்கான இணைப்பாக இருந்தால் நின்ற வண்டியில் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடக் கூடாது. அப்போது 36 மணி நேரத்துக்கு 2 ஆம்பியர்-மணிகூட ஆகாது.

இன்னொரு வேடிக்கை. ஒரிஜினல் செட்டில் குற்றமே இல்லை! கதவு ஸ்பீக்கர்களைக் கழற்றிப் பார்த்தேன். காகிதக் கூம்பைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையம் நம்மூர் வெயிலில் உதிர்ந்து மாவாகக் கொட்டியது. கரகரப்புக்குக் காரணம் அது. நோய் ஓரிடம், ஆபரேஷன் வேறிடம்.

அட்டைப் பெட்டியில் போட்டிருந்த '50 வாட் × 4' என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். என்ஜின் ஓடும்போது கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். செட்டுக்குள் இருக்கும் சிப் அதற்கு மேல் எங்கே போகும்? அதை 1.414-ஆல் வகுத்தால் 10.2 வோல்ட் ஆர்.எம்.எஸ். அதன் வர்க்கத்தை 4 ஓம் ஸ்பீக்கரால் வகுத்தால் 26 வாட். சேதாரமில்லாமல் கிடைத்தாலே அவ்வளவுதான். மீதி 24 வாட் அட்டைப் பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது. இந்தக் கணக்கு முதலாண்டுப் பாடம். கடையில் நிற்கும்போது நம்மில் எத்தனை பேருக்கு ஞாபகம் வருகிறது?

"அப்போ பழசையே கட்டிக்கிட்டு அழணுமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். மாமாவுக்கு போனிலிருந்து பாட்டு வேண்டும். அது அவர் தொழிலுக்குத் தேவை. அதற்கும் ஒழுங்கான வழி இருக்கிறது. அந்தக் காலத்துக் கார் ரேடியோவின் துவாரம் ஜெர்மன் தர அளவுப்படி சுமார் 18 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம். இன்றைக்கும் அதே அளவில், புளூடூத்தோடு செட் கிடைக்கிறது. கார் பிளக்குக்கும் புது செட்டுக்கும் நடுவில் போட அடாப்டர் வயர் சில நூறு ரூபாய்க்கு வருகிறது. இதில் வெட்டும் இல்லை, முறுக்கும் இல்லை. நாளைக்கே பழைய செட் வேண்டுமென்றால் திரும்பச் சொருகிவிடலாம். போர்ஷே கம்பெனியே 2020-ல் தன் பழைய கார்களுக்கென்று, அதே துவாரத்தில் உட்காரும் நவீன செட்டை விற்க ஆரம்பித்தது. தயாரித்தவனே மாற்றத்தை ஒப்புக்கொள்கிறான். டேஷ்போர்டை அறுப்பதை அல்ல!

பிந்தைய கார்களில் விஷயம் இன்னும் நுட்பம். 1990-களின் கடைசியில் வந்த பெரிய பென்ஸ்களிலும், 2001-ல் வந்த பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸிலும் செட், ஆம்ப்ளிஃபயர், போன் எல்லாம் ஒளியிழை வளையத்தில் கோத்திருக்கும். மாலையில் ஒரு கண்ணியைப் பிடுங்கினால் மாலையே அறுந்த மாதிரி, ஒரு பெட்டியைக் கழற்றினால் மொத்தமும் ஊமை. அங்கே கட்டிங் பிளேயரோடு போகிறவன் மெக்கானிக் அல்ல, கசாப்புக்காரன்.

நாம் எந்த ஊர்க்காரர்கள்? பூட்டுக்குப் பேர்போன ஊர். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. பூட்டைச் சாவியால் திறப்பவனும் உண்டு, சுத்தியலால் உடைப்பவனும் உண்டு. இரண்டு பேருக்கும் கதவு திறக்கத்தான் செய்யும். மறுபடி பூட்ட முடிகிறதா என்று பார்த்தால்தான் தொழில்காரன் யார், திருடன் யார் என்று தெரியும். நம் வேலைக்கும் அதே உரைகல்தான்: நாம் செய்ததை இன்னொருவன் கழற்றிப் பழையபடி ஆக்க முடிய வேண்டும்.

கடைக்காரரை மட்டும் நான் குறை சொல்லவில்லை. அவருக்கு யாரும் வயரிங் படம் காட்டவில்லை. எனக்குக் காட்டினார்கள். பிரவுன் எர்த் என்று படித்திருந்தும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவன் நான். குற்றத்தில் பெரிய பங்கு என்னுடையது.

வெட்டிய பிளக்கில் மிச்சமிருந்த ஒரு அங்குல வயரில் ஒவ்வொன்றாகச் சோல்டர் வைத்து, ஸ்லீவ் போட்டுச் சேர்க்க எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. ஸ்பீக்கர் வளையங்களை மாற்றினேன். இன்று வண்டி ஒழுங்காகக் கிளம்புகிறது, நாதஸ்வரம் தெளிவாகக் கேட்கிறது. அறுத்த மரப்பலகை மட்டும் அப்படியேதான் இருக்கிறது. வண்டியில் ஏறும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகிறது.

நம் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். லீவு நாளில் ஸ்டீரியோ மாட்டப் போகும் நண்பர்கள் நம்மில் பலர் உண்டு. வரும் ஆண்டில் ஒரு சனிக்கிழமை ஆட்டோமொபைல், எலக்ட்ரானிக்ஸ் இரண்டு பிரிவும் சேர்ந்து ஒரு பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்துவோம். மீட்டர் வைத்து வயரைக் கண்டுபிடிப்பது, அடாப்டர் போடுவது, சாவியை எடுத்த பிறகு எத்தனை மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று அளப்பது, இந்த மூன்றை மட்டும் கற்றுக்கொடுப்போம். அரை நாள் போதும்.

டிப்ளமோ சுவரில் தொங்கட்டும். மீட்டர் கையில் இருக்கட்டும். பிளேயரை எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம், விடிகாலையில் வண்டிக்காகக் காத்து நின்ற அந்தக் கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே!