கடைக்காரக் கனவான்களுக்கு ஒரு கேள்வி

தமிழனுக்கு வியாபாரம் வராது என்று சொல்லுவது நம்மவர்களுக்கு ஒரு வழக்கமாகவே போய்விட்டது. ஏன் வராது என்று கேட்டால், "முதல் இல்லை" என்பார்கள். "அரசாங்கம் கவனிக்கவில்லை" என்பார்கள். இரண்டும் ஓய்ந்த பின் "நம் தலையெழுத்து" என்பார்கள். இம்மூன்றிலும் அடங்காத காரணம் ஒன்று உண்டு. அது பிரிக்பீல்ட்ஸிலும், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் நம் கண் முன்னாலேயே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றியே இங்கு எழுதத் துணிகிறோம்.

கிள்ளானை அடுத்த ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்த அம்மையார் ஒருவரை நாம் அறிவோம். தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறிய பின், அவர் மலிவு விலை அடுக்குமாடி வீடொன்றில் குடியேறி, முருங்கைக்கீரையும் பருப்பும் சேர்த்துச் சோற்றில் பிசைந்துண்ணும் பொடி ஒன்றைத் தயாரித்தார். ருசி பார்த்தவர்கள் மறுபடியும் கேட்டு வாங்கவே, தைரியங்கொண்டு கடைகளுக்குக் கொண்டு போனார். "வைத்துவிட்டுப் போங்கள் அக்கா, விற்றால் காசு" என்றார்கள். பொட்டலங்கள் விற்றன, காசு மாத்திரம் வரவில்லை. முதல் மாதம் "முதலாளி ஊரில் இல்லை" என்றார்கள். இரண்டாம் மாதம் "கணக்கப்பிள்ளை லீவு" என்றார்கள். மூன்றாம் மாதம் "இன்னும் கொஞ்சம் சரக்குப் போடுங்கள், சேர்த்துத் தருகிறோம்" என்றார்கள். நான்காம் மாதம் பருப்பு வாங்கப் பணமின்றி, அம்மையார் ஒரு தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போய்விட்டார். மக்கள் விரும்பி வாங்கிய சரக்கு, விலை வந்து சேராத ஒரே காரணத்தால் மாண்டது.

இதே கடைக்காரர் பெரிய கம்பெனியின் விற்பனையாளர் வந்தால் மாத்திரம் தவணை தப்பாமல் செக் எழுதுகிறார். எழுதாவிட்டால் மறு லாரி வராது என்பது அவருக்குத் தெரியும். அந்தச் செக்குக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பொடி விற்ற காசும் அதே கல்லாவில்தானே விழுந்தது! ஆகவே, வட்டியில்லாக் கடனாக ஏழையின் காசைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதனால் பணக்காரனின் கணக்கைத் தீர்க்கிறார்கள் என்று சொல்லுவது குற்றமாகுமா? இக்கனவான்களே மேடையேறித் தமிழர் முன்னேற்றம் பேசுவதுதான் வேடிக்கை.

இனி, முதல் இல்லை என்னும் வாதத்தைப் பார்ப்போம். 1983-இல் கடலூரில் சி.கே. ரங்கநாதன் என்பவர் 15,000 ரூபாய் முதலுடன் 'சிக்' ஷாம்புத் தொழிலைத் தொடங்கினார். புட்டி வாங்க வகையற்ற கிராமத்தாருக்குச் சிறு பொட்டலத்தில் விற்றார். காலிப் பொட்டலங்களைச் சேர்த்துக் கொண்டுவந்தால் புதியதொன்று இனாம் என்றார். அத்தொழிலே இன்று கெவின்கேர் என்னும் பெரிய நிறுவனமாக நிற்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? தோட்டத் துண்டாடலால் நம் மக்கள் தெருவில் நின்ற காலத்தில், 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளிகள் மாதம் 10 வெள்ளியாகச் செலுத்திச் சேர்ந்தார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் சொத்தாயிற்று. தினக்கூலிகள் தோட்டம் வாங்கினார்கள்! அப்படியிருக்க, அப்பெரியார் பெயர் தாங்கிய ஜாலான் துன் சம்பந்தனில் கடை வைத்துக்கொண்டு, தமிழனிடம் முதல் இல்லை என்று பேச எப்படி நாக்கு எழுகிறது?

கடைக்காரர் பதில் ஒன்று சொல்லுவார்: "வாடகை அதிகம், இவர்கள் சரக்கில் தேதியுமில்லை, எடையுமில்லை, கெட்டுப்போனால் யார் பொறுப்பு?" இதில் நியாயம் உண்டு, மறைக்க மாட்டோம். பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, செய்தவர் பெயர், முகவரி ஆகியவற்றை உறையில் அச்சிட வேண்டுமென்று 1985-ஆம் ஆண்டு உணவு விதிகள் கூறுகின்றன. எதுவரை கெடாதென்னும் தேதியையும் போட்டால்தான் வாங்குகிறவனுக்கு நம்பிக்கை வரும். இவற்றைச் செய்யாமல், "தமிழன் செய்தது, ஆகையால் வாங்குங்கள்" என்று கேட்பது வியாபாரமல்ல, பிச்சையாகும். நல்ல நேரம் பார்த்துத் தொழில் தொடங்குகிற நம்மவர்கள், அன்றாடம் கணக்கெழுதவும் நேரம் ஒதுக்க வேண்டும். எந்தக் கடைக்கு எத்தனை பொட்டலம், எந்தத் தேதியில் என்று கையெழுத்து வாங்காமல் சரக்குப் போடுவதும் பிசகே. ஆனால், குறையுள்ள சரக்கை வாசலிலேயே திருப்பி அனுப்புவது வேறு. வாங்கி வைத்து விற்று முடித்துவிட்டு விலை தராமலிருப்பது வேறு. முன்னது ஜாக்கிரதை. பின்னதற்கு என்ன பெயரென்று கனவான்களே சொல்லட்டும்.

ஆகவே நாம் கேட்பது அதிகமல்ல. சிறு உற்பத்தியாளரின் சரக்குக்குப் பாதி விலையை வாங்கும்போதே கொடுங்கள். விற்றதற்கு மீதியை 30 நாளில் தீருங்கள். விற்காததைத் திருப்பிக் கொடுங்கள். வாசகர்களே! உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. நம்மவர் செய்த பொட்டலமொன்றை எடுத்துக் கல்லாவில் காசு வைக்கும்போது, "இதைச் செய்தவருக்குப் பணம் கொடுத்தாயிற்றா?" என்று உரக்கக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குக் கடைக்காரர் தாமே பதில் தயாராக வைத்திருப்பார்.