பின் அச்சில் சத்தம்: கிரவுன் பினியனைத்தான் மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்களிடம் 22 வருடப் பழைய 35 ஹெச்.பி. டிராக்டர் இருக்கிறது. டிரெய்லரில் மூட்டை ஏற்றிப் போகும்போது பின்பக்கம் ‘ஊய்ங்’ என்று சத்தம் வருகிறது. ஆறு மாதமாகக் கூடிக்கொண்டே போகிறது. கிரவுன் பினியன் போய்விட்டது, செட்டாக மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். பழைய வண்டி உடைக்கும் இடத்தில் முழு ஹவுசிங்காக வாங்கிப் போடலாம் என்கிறார் இன்னொருவர். குறுவைக்குச் சேற்றுழவு தொடங்கும் நேரம். என்ன செய்வது?

– ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி வட்டம்.

பதில்: இரண்டு பேருமே ஆயிலை இறக்கிப் பார்க்காமல் சொன்ன யோசனை போலத்தான் தெரிகிறது. பின்பக்கம் சத்தம் என்றாலே கிரவுன் பினியன் மீது பழி போடுவது பல பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று கவனித்தாலே எந்த உறுப்பில் கோளாறு என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

முதலில் டயரை ஒதுக்கிவிட வேண்டும். தார்ச்சாலையில் கேட்கும் இரைச்சல் மண்பாதையில் இறங்கியதும் அடங்கினால் அது டயர் பட்டனின் சத்தம்.

அடுத்து, ஆள் நடமாட்டம் இல்லாத சமமான சாலையில் காலி வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது ‘ஊய்ங்’ என்று இழுத்து, காலை எடுத்ததும் சத்தம் மாறினால் கிரவுன், பினியன் பற்களின் பொருத்தம் விலகியிருக்கிறது. கொடுத்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி ‘கரகர’ என்று வேகத்தோடு கூடினால் பேரிங். வளைவில் திரும்பும்போது மட்டும் வந்தால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன்களும் அவற்றின் வாஷர்களும்தான் காரணம். வண்டி நேராக ஓடும்போது அவை தம் அச்சில் சுற்றுவதில்லை, அதனால் சத்தமும் போடுவதில்லை. கிளட்ச் விடும்போது ‘டொக்’ என்று ஒரு அடி விழுந்தால் எங்கோ தேய்மானம் கூடி இடைவெளி விழுந்திருக்கிறது.

இந்த வாசகருக்குப் பாரம் இழுக்கும்போது வருகிறது. பற்களின் பொருத்தம்தான் விலகியிருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், பொருத்தம் ஏன் விலகியது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. பல வண்டிகளில் பினியன் பேரிங் தளர்ந்து, பாரம் ஏறியதும் பினியன் நகர்வதே காரணம். பற்கள் கெடுவதற்கு முன்பே பிடித்துவிட்டால், பேரிங்கை மாற்றி ஷிம் வைத்துச் சரிசெய்யும் வேலையோடு முடிந்துவிடும். புது கிரவுன் பினியன் செட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறிய செலவு.

இதைத் தெரிந்துகொள்ள ஆயிலை இறக்கித்தான் ஆக வேண்டும். வண்டி சூடாக இருக்கும்போதே துணி கட்டிய வாளியில் வடிக்கலாம். காந்தம் உள்ள டிரெய்ன் பிளக்கில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியிருந்தால் பயமில்லை, பழைய வண்டியில் அது இருக்கும். நகம் போன்ற செதில்கள் இருந்தால் பேரிங்கோ பல்லின் மேற்பரப்போ உரிகிறது. உடைந்த பல் துண்டு கிடைத்தால் அன்றோடு வண்டியை நிறுத்திவிட வேண்டும். அது இரண்டு பற்களுக்கு நடுவே சிக்கினால் ஹவுசிங்கே பிளந்துவிடும். ஆயில் பால் கலந்த காபி போல வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் உழும் டெல்டா வண்டிகளில் இது அடிக்கடி காணும் விஷயம். சீல் தேய்ந்தும், பிரீத்தர் அடைத்தும் சேற்றுத்தண்ணீர் உள்ளே போய்விடுகிறது. அப்படியானால் சீல்களையும் மாற்றாமல் பேரிங்கை மட்டும் மாற்றுவது வீண்.

பற்கள் உண்மையிலேயே குழிவிழுந்தோ உடைந்தோ இருந்தால் மாற்றத்தான் வேண்டும். கிரவுனும் பினியனும் ஜோடியாக உரசிப் பொருத்தி விற்கப்படுபவை. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. மாட்டும்போது பேக்லாஷை டயல் கேஜ் வைத்து அளந்து, பல்லில் சாயம் தடவி, பதிவு எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்து ‘சரியாக இருக்கு’ என்று சொல்லும் பட்டறையில் புது செட்டைக் கொடுப்பதைவிட பழையதையே ஓட்டலாம்.

22 வருட வண்டிக்குப் பழைய ஹவுசிங் மோசமான யோசனை இல்லை. ஆனால் கழற்றாத முழு அசெம்பிளியாக, ஆயில் உள்ளேயே இருப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். ஆயிலை வடித்துத் துடைத்து பெயின்ட் அடித்து வைத்திருந்தால் விட்டுவிடலாம். பற்களை எண்ணி, பழையதோடு விகிதம் ஒத்துப்போகிறதா என்றும், பிரேக் ஒரே வகையா என்றும் பார்க்க வேண்டும். சத்தத்தை அமுக்க ஆயிலில் மரத்தூள் கலந்து விற்பது பழைய தந்திரம். இன்னும் அது ஒழியவில்லை.

பேரிங் மாற்றிய பிறகும் லேசான ‘ஊய்ங்’ மிஞ்சலாம். ஒரு விதமாகத் தேய்ந்து பழகிய பற்களைப் புது இடத்தில் நிறுத்தினால் அப்படித்தான். சத்தம் அதே அளவில் நின்று, அடுத்த ஆயில் மாற்றத்தில் செதில் இல்லாவிட்டால் ஓட்டலாம்.

சத்தத்தைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. இந்த வயது வண்டிகள் பலவற்றில் டிரை பிரேக். பின் அச்சின் சீல் கசிந்தால் ஆயில் பிரேக் லைனிங்கில் படியும். காலி வண்டியில் தெரியாது. பாரம் ஏற்றி, இரண்டு பெடலையும் சேர்த்து மிதிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி இழுத்துக்கொண்டு போகும். ஒரு பக்கச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் கட்டை கொடுத்து, முன் சக்கரங்களுக்குக் கல் முட்டு வைத்து, ஆயில் கறை இருக்கிறதா, சக்கரம் உள்ளும் வெளியும் ஆடுகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்த பிறகே இனி டிரெய்லரை மாட்ட வேண்டும். குறுவைச் சேற்றுழவுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டருக்குப் பதிவு செய்துவிட்டு, இந்த வண்டியைப் பட்டறையில் விடுவதே நல்லது. சத்தம் கூடிவரும் அச்சில் கேஜ் வீல் மாட்டக் கூடாது.

கேள்வி: ஆயில் பிரேக் டிராக்டர். பிரேக் மிதித்தால் மட்டும் பின்னால் ‘கிர்ர்’ என்கிறது. பிரித்துப் பார்க்க வேண்டுமா?

– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பதில்: உடனே வேண்டாம். கடைசியாக என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று விசாரிக்க வேண்டும். ஆயிலில் மூழ்கிய பிரேக்குக்கு அதற்கென்று தயாரித்த டிராக்டர் ஆயில்தான் பொருந்தும். சாதாரண கியர் ஆயிலை ஊற்றினால் தட்டுகள் சீராகப் பிடிக்காமல் அதிரும். கையேட்டில் சொன்ன ஆயிலுக்கு மாற்றி, ஃபில்டரையும் மாற்றி, சில நாள் ஓட்டிப் பார்த்த பிறகும் சத்தம் போகாவிட்டால் பிரிக்கலாம்.